பிரசன்ஸ் நாலு

களமருதூர்
8-12-2024

அன்புத் தங்கை செந்தமிழ்ச்செல்விக்கு,

அண்ணன் தமிழரசன் எழுதுவது. நானும் உன் அண்ணி அமிர்தமும் நலம். புயல் மழையில் கீழ்க்கழனி நெல் படுத்துவிட்டது, மேல்கழனி தப்பித்தது. மலை மேல் குளிர் எப்படி? மாப்பிள்ளை சேலத்திலிருந்து வாரா வாரம் வருகிறாரா?

நாலு தடவை போன் போட்டேன். நீ பேசுவது கொழகொழவென்று கேட்கிறது, பாதி வார்த்தை பிடிபடவில்லை. உன் மலை டவரை நம்பி முக்கியமான விஷயம் பேச முடியாது. அதனால்தான் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் பச்சமுத்துவிடம் இந்தக் கவரைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். பதினாறு வருடமாகக் கோமுகி மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். குழுத் தலைவர் கண்ணாயிரம் அண்ணன் போன வாரம் ரிகர்சலில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: "பங்குனியிலேர்ந்து மேடையில ஆம்ப்பு கெடயாது. எல்லாரும் நேரா சவுண்டு மிக்சருக்கு வயர் குடுத்துடணும். தமிழு, நீ இந்தப் பொட்டிய வெச்சிக்கினு வாசி. ஒத்து வரலன்னா பிரவீன்குமாரு கீபோர்டுலயே கிடாரு வாசிச்சிடுவான்."

கீபோர்டில் கிடாராம். கேட்டாயா கதையை?

அவர் கொடுத்த பெட்டி இரண்டு செங்கல் அளவு. ஒரு பக்கம் கிடார் வயரைச் சொருகினால், எந்த ஆம்ப் வேண்டுமோ அந்த ஆம்ப்பின் சத்தத்தைக் கணக்குப் போட்டு மறுபக்கம் அனுப்புகிறது. நம் ஆம்ப்ளிபயரோ இருபத்தெட்டு கிலோ. மூடிப்போன டூரிங் கொட்டகையின் வால்வு பெட்டியைப் பிரித்து, நீ டிப்ளமா முடித்த வருடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது. அந்தச் சத்தத்துக்காகத்தான் என்னைக் குழுவில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

இரண்டே வாரம். நம் ஆம்ப்பை அப்படியே இந்தப் பெட்டிக்குள் இறக்கிக் காட்டுகிறேன். உள்ளே என்ன வால்வு, என்ன டிரான்ஸ்பார்மர் என்று நீ எழுதினால் போதும்.

உன் அன்பு அண்ணன்
தமிழரசன்


வெள்ளிமலை
17-12-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

செல்வி எழுதுவது. சுகமாக இருக்கிறேன். இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. சப்ஸ்டேஷனில் மணிக்கொரு தடவை மீட்டர் பார்த்து நோட்டில் எழுதுவதற்குக் கையுறையைக் கழற்றவே மனசு வருவதில்லை. மாப்பிள்ளை சனிக்கிழமை வருகிறார், ஞாயிறு போகிறார், நடுவில் தூங்குகிறார்.

உன் இரண்டு வாரம் எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு மேடை செட்டை முதல் நாளே போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தாலி கட்டி முடித்தபிறகு வயரோடு வந்தவன் நீ.

பெரிய வால்வு இரண்டும் ஈ.எல். முப்பத்துநாலு. பெட்டியில் அதே பெயரில் இருக்கும், தேர்ந்தெடு. முன்னால் இருக்கும் சின்ன வால்வுகளில் நேரத்தை வீணாக்காதே. நீ ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் கொஞ்சம் அமுங்கி, பிறகு மூச்சு விட்டு எழும்புமே, அது பெரிய வால்வுகள் செய்யும் வேலை. பவர் ஆம்ப் என்று பெட்டியில் தனிப் பக்கம் இருக்கும். உன் வேலை முழுக்க அங்கேதான். பெட்டியை நிஜ ஆம்ப்பில் சொருகுகிறவர்கள் அந்தப் பக்கத்தை அணைத்துவிடுவார்கள். நீ நேராக மிக்சருக்குப் போகிறாய், அணைத்துத் தொலைக்காதே.

அண்ணி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? வீட்டில் எல்லாம் சரிதானே?

செல்வி


களமருதூர்
5-1-2025

செல்விக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்கு மண்டை காய்கிறது. கள்ளக்குறிச்சியில் கண்ணாயிரம் அண்ணனின் சவுண்டு செட் கடைக்கு ஆம்ப்பையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்திலேயே பெட்டியை வைத்து, இதில் ஒரு தட்டு, அதில் ஒரு தட்டு என்று ஐந்து நாள் உட்கார்ந்தேன். பெட்டி ஆம்ப் மாதிரியே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆம்ப்பே நம் ஆம்ப் மாதிரி இல்லை! விறைப்பாக, பச்சைக் கம்பு மாதிரி நிற்கிறது. எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அமுங்கவில்லை. ஊரில் வாசித்தபோது இழைந்த அதே ஆம்ப், அதே கிடார், அதே கை.

வால்வு செத்துவிட்டது என்று நினைக்கிறேன். வேறு சொல்லி வைக்கட்டுமா? பிரவீன்குமார் பையன் எதிரில் உட்கார்ந்து கீபோர்டில் கிடார் சத்தத்தைத் தட்டிப் பார்க்கிறான். கண்ணாயிரம் அண்ணன் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணிக்கு எழுத நேரம் எங்கே? மாடு, கழனி, கரும்பு வெட்டு என்று ஓடிக்கொண்டிருக்கிறாள்.

தமிழரசன்


வெள்ளிமலை
12-1-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. இங்கே பக்கத்து வீட்டு வளர்மதி இரண்டு படி சாமை கொடுத்திருக்கிறாள், அதில்தான் இந்த வருடப் பொங்கல்.

வால்வு சாகவில்லை. உன் மேல்தான் தப்பு, கொஞ்சம் என் மேலும். கண்ணாயிரம் அண்ணன் கடையில் ஸ்டெபிலைசர் இருக்கிறதா? கண்டிப்பாக இருக்கும். அதிலிருந்துதானே ஆம்ப்புக்குக் கரண்ட் எடுத்தாய்?

நாம் அந்த ஆம்ப்பைச் சரிபண்ணியது எப்போது என்று யோசித்துப் பார். சாயங்காலம். மும்முனைக் கரண்ட் விட்டதும் நம் கழனியைச் சுற்றி இருக்கிற மோட்டார் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடும், வீட்டு பல்பு மஞ்சளாகிவிடும். ஆம்ப்பின் பின்பலகையைக் கழற்று. உள்ளே பென்சிலால் 178 என்று என் கையெழுத்து இருக்கும். இருநூற்று முப்பது வரவேண்டிய இடத்தில் அன்றைக்கு வந்த வோல்டேஜ் அது. அந்தக் கரண்டில்தான் அந்தச் சத்தம் பிறந்தது. திருவிழா மேடை மட்டும் என்ன? சீரியல் செட், ராட்டினம், மிக்சர் எல்லாம் ஒரே ஜெனரேட்டர். அங்கேயும் அரைகுறைதான்.

பதினாறு வருடமாக அரை வயிற்றுக் கஞ்சியில் பாடியவனுக்குக் கடையில் முழுச் சாப்பாடு போட்டிருக்கிறாய். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்காமல் என்ன செய்வான்?

நல்ல பெட்டிகளில் பவர் ஆம்ப் பக்கத்தில் மெயின்ஸ் என்று, ஆம்ப்புக்கு வரும் கரண்டின் அளவு ஒன்று இருக்கும். நூறில் நிற்கும். இருநூற்று முப்பதுக்கு 178 என்றால் நூற்றுக்கு எழுபத்தேழு, அதை அங்கே இறக்கு. வேறு எதையும் தொடாதே. வாசித்துவிட்டு எழுது.

ஊர்க்காரன் யாராவது ஆம்ப்பைக் காப்பி எடுக்க ஸ்டெபிலைசர் தேடிப் போவானா? போடா நீ!

செல்வி


களமருதூர்
20-1-2025

என் கண்ணே செல்வி,

போடா என்றதற்கு உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முடியவில்லை. எழுபத்தேழு! அமுங்கிற்று, மூச்சு விட்டது, எழும்பிற்று. அமிர்தம் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, "இன்னாங்க, ஆம்ப்ப திரும்ப வூட்டுக்கு எடுத்தாந்துட்டீங்களா?" என்றாள். பெட்டியைக் காட்டினேன். நம்பாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

இனி எவன் கீபோர்டில் கிடார் வாசிக்கிறான் என்று பார்க்கிறேன்.

மிக்சருக்குப் போகிற சத்தத்தை அப்படியே பதிவு செய்து மெமரி கார்டில் போட்டு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல். ஒரே ஒரு குறை. பிரசன்ஸ் என்கிற கூர்மைதான் இந்தப் பெட்டியில் கொஞ்சம் கம்மி. கம்பியில் நகம் படுகிற சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. பத்துக்கு எட்டரை வைத்திருக்கிறேன், இன்னும் ஏற்றலாம் போலிருக்கிறது. மற்றபடி உன் அண்ணனை ஜெயிக்க ஆளில்லை.

பங்குனிக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் தீமிதித் திருவிழா. பெட்டியோடு அதுதான் முதல் கச்சேரி. அன்றைக்குத்தான் கண்ணாயிரம் அண்ணன் முடிவு சொல்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

தமிழரசன்


வெள்ளிமலை
14-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. லைன் வேலை ஜாஸ்தி.

கார்டைக் கேட்டேன். பவர் ஆம்ப் அச்சு அசல். அதில் இனி கை வைக்காதே.

பிரசன்ஸை மட்டும் நாலுக்கு இறக்கு.

மேடையில் டிரம்ஸ் உனக்கு இடது பக்கம்தானே? பதினாறு வருடமும் அதே பக்கம்தானா?

செல்வி


களமருதூர்
19-2-2025

அன்புள்ள செல்விக்கு,

அமிர்தம் எழுதுவது. உனக்கு நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ நாலு வைக்கச் சொன்னாயாம். வைத்துப் பார்த்துவிட்டு, "செத்த பொணம் மாதிரி இருக்குது, மலை மேல இருக்குறவளுக்கு இன்னா தெரியும்" என்று கோபித்துக்கொண்டார். இப்போது ஒன்பதில் வைத்திருக்கிறார். நேற்று ரிகர்சலுக்கு நானும் போயிருந்தேன். அவர் தட்டினதும் கண்ணாயிரம் அண்ணன் வலது காதைச் சத்தம் வரும் பக்கம் காட்டித் திரும்பிக்கொண்டார், மிக்சரில் நிற்கிற பழனி காதைப் பொத்திக்கொண்டான். "அண்ணே, ரம்பம் போடுற மாதிரி இருக்குது, கொஞ்சம் கம்மி பண்ணு" என்று கெஞ்சினான். இவர் அவனைத்தான் திட்டினார்.

செல்வி, வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நான்தான் ஓட வேண்டும். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வண்டி இண்டிகேட்டர் போட்டால் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே வரும், அணைக்க மாட்டார். முதலில் அலட்சியம் என்று நினைத்துச் சண்டை போட்டேன். அவசரப்பட்டுச் சண்டை போட்டுவிட்டேனே என்று இப்போது வேதனையாக இருக்கிறது.

நான் சொன்னால் நான் குத்திக்காட்டுகிறேன் என்பார். நீ சொன்னால் கேட்பார்.

உன் அண்ணி
அமிர்தம்


வெள்ளிமலை
24-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உன்னைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. உட்கார்ந்து படி.

பெட்டியில் குறை இல்லை. உன் காதில் இருக்கிறது.

கார்டைக் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். முதலில் என் ஹெட்போனைச் சந்தேகப்பட்டேன். பிறகு வளர்மதியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவளுக்கு ஆம்ப்பும் தெரியாது, கிடாரும் தெரியாது. அரை நிமிடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, "இன்னாக்கா இது, காதுக்குள்ள ஊசி வுட்டுக் குடையுது" என்றாள். அதன் பிறகு மூன்று வாரம் எழுதாமல் இருந்தது லைன் வேலையால் இல்லை, பயத்தால்தான். உனக்கு எழுதினால் நீ கிடாரைக் கீழே வைத்துவிடுவாயோ என்கிற பயம்.

பதினாறு வருடம் உன் இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளி டிரம்ஸ்காரனின் தாளத்தட்டு. முதுகுக்குப் பின்னால் நாம் கட்டிய ஆம்ப். சத்தமாக வைத்தால்தான் அது இழையும் என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் ஏற்றி வைத்தாய். நானும்தான் கைதட்டினேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது அண்ணா, அது என்னைப் பிடுங்கித் தின்கிறது.

போனில் என் பேச்சு கொழகொழவென்று கேட்பதற்கும் என் மலை டவர் காரணமில்லை. மாப்பிள்ளைக்குத் தெளிவாகத்தான் கேட்கிறது.

நாளைக்கே காது டாக்டரிடம் போ. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். ஆம்ப்பாக இருந்திருந்தால் நீ ஒவ்வொரு மேடையிலும் உன் காதை வைத்துத்தான் குமிழைத் திருப்பியாக வேண்டும். பெட்டியில் இருப்பது எண். நாலு என்றால் நாலுதான். மூங்கில்துறைப்பட்டிலும் நாலு, மலை மேலும் நாலு. உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் கையை நீ பார்த்துக்கொள், எண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன். பாட்டுப் பாட்டாகப் பதிந்து அனுப்பு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி அனுப்புகிறேன்.

கண்ணாயிரம் அண்ணனிடமும் சொல்லிவிடு. அவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீயே சொல்.

செல்வி


வெள்ளிமலை
11-3-2025

அண்ணா,

பச்சமுத்து தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிடுகிறார். கோபம் என்றால் திட்டியாவது ஒரு போஸ்ட் கார்டு போடு. நான் தாங்கிக்கொள்வேன். பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சாப்பிடுகிறாயா?

செல்வி


களமருதூர்
31-3-2025

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். அமிர்தமும் நலம். அவள் உனக்கு எழுதியதும் தெரியும், ரேஷன் கடைக்கு வெறும் பையோடு போய் வெறும் பையோடு வந்தவளை என்னவென்று நினைப்பது?

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பத்து நாள் கிடாரைத் தொடவில்லை. உன் மேல் வந்த கோபம் அமிர்தத்தின் மேல் பாய்ந்தது, மாட்டின் மேல் பாய்ந்தது. ஒரு நாள் காலையில் அடுப்பில் குக்கரின் மூடி நடுங்குவதைப் பார்த்தேன். ஆவி பீய்ச்சிக்கொண்டு அடிக்கிறது, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அமிர்தம் என்னைப் பார்க்காத மாதிரி வந்து அணைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கே காது டாக்டரைப் பார்க்கப் பஸ் ஏறிவிட்டேன்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதிக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் கோடு கோமுகி அணையின் கரை மாதிரி நேராகப் போய், கடைசியில் பொத்தென்று விழுந்துவிட்டது. இரண்டு காதிலும் மேல் சத்தம் போய்விட்டது, இடது ஜாஸ்தி. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், சத்தத்தைக் குறை, காது மிஷின் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன் செல்வி. நாற்பத்தாறு வயதில், பட்டப்பகலில், ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் பார்க்க.

வெள்ளிக்கிழமை தீமிதிக் கச்சேரி. சாயங்காலம் நாலு மணிக்கு மைக் டெஸ்ட். எல்லோரும் மேடையில் இருந்தார்கள். நீ சொன்னபடி நானே ஆரம்பித்தேன். "அண்ணே, எனக்குக் காது பாதி போயிடிச்சி. டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க வேற ஆள வெச்சிக்கினாலும் நான் ஒண்ணும் சொல்லல." சொல்லும்போது என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

கண்ணாயிரம் அண்ணன் மைக் ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு கிட்டே வந்து, "எத்தினி வருசமா?" என்றார்.

"தெரியலண்ணே."

"எனக்கு எட்டு வருசமா. வலது காது சுத்தமா அவுட்டு. யாருகிட்டயும் சொன்னதில்ல, எம் பொண்டாட்டியத் தவிர." சொல்லிவிட்டு டிரம்ஸ் பக்கம் கையைக் காட்டினார். "அரங்கநாதன் மட்டும் இன்னா, ஒழுங்கா? அவனுக்கு ராவும் பகலும் காதுல வண்டு கத்திக்கினே கெடக்குது. ஆம்ப்ப ஏன்டா மேடைய வுட்டு எறக்கச் சொன்னேன்? தூக்க முடியலன்னா? இருக்கறவன் காதாவது மிச்சம் ஆகட்டும்னுதான்டா."

அரங்கநாதன் குச்சியைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பதினாறு வருடம் ஒருவன் பக்கத்தில் ஒருவன் நின்றிருக்கிறோம், ஒருவனுக்கும் இன்னொருவன் காது தெரியாது. பிரவீன்குமார்தான் எழுந்து வந்து என் பெட்டியைப் பார்த்து, "எவ்ளோ வெக்கட்டும்ணா?" என்று கேட்டான். "நாலு" என்றேன். வைத்தான்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். எனக்கு எல்லாம் போர்வைக்குள் கேட்டது. முதல் பாட்டில் கை குமிழுக்கு மூன்று தடவை போயிற்று, மூன்று தடவையும் திரும்பிவிட்டது. இரண்டாவது பாட்டில் கிடார் தனியாக வரும் இடம். வாசித்துக்கொண்டே மிக்சரைப் பார்த்தேன். என் முறை வந்தால் எப்போதும் பழனியின் விரல் என் குமிழிலேயே இருக்கும். அன்றைக்கு அவன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றிருந்தான். முன் வரிசையில் காப்புக் கட்டிய பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. கேட்காத சத்தத்தை நான் தைரியமாக வாசித்தேன் செல்வி, ஏனென்றால் அதை நீ கேட்டுவிட்டாய்.

கண்ணாயிரம் அண்ணன் என்னைக் குழுவில் வைத்திருப்பாரா என்று நீ கேட்பாய். இறங்கும்போது, "காதப் பத்தி உன்ன யாரு கேட்டது, நம்பர மாத்தாத" என்றார். அவ்வளவுதான் முடிவு.

மற்ற பாட்டுகளைப் பதிந்த கார்டு கவருக்குள் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது கேட்டு எண்ணை எழுது. வளர்மதியையும் கேட்கச் சொல், அவள் சொல்வது மருந்துச் சீட்டு மாதிரி சுருக்கமாக இருக்கிறது.

வருகிற புதன்கிழமை கண்ணாயிரம் அண்ணனும் நானும் அரங்கநாதனும் ஒன்றாக டாக்டரிடம் போகிறோம், மிஷின் பார்க்க. எனக்கு இடது மோசம், அவருக்கு வலது. பஸ்ஸில் அவர் என் வலப்பக்கம் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு கேட்கும். ஜன்னல் சீட்டை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்
தமிழரசன்